ரசமட்டம் இறங்கி நடந்த சரிவு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. சுரங்கத்தில் மேனேஜரிலிருந்து கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ரசமட்டம். கொத்தனார்கள் சுவரின் மேல் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஓடித் திரியும் ஒரு குமிழியுமாக, அந்தக் கருவியின் பெயர் அது. அந்தக் குமிழி இவருடைய முதுகெலும்பின் அடியில் இருக்கிறது என்பது அங்கே வேலை பார்த்தவர்களின் முடிவான கருத்து. புல்டோசரின் இருக்கையில் உட்கார்ந்தால் போதும், கீழே தரை எந்தப் பக்கம் ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது என்று உடம்பு சொல்லிவிடும். முன்னால் இருக்கும் பிளேடைக் கை தானாகத் தூக்கும், தானாக இறக்கும். அவர் போட்டுக் கொடுத்த பாதையில் மலை மாதிரி பாரம் ஏற்றிய லாரிகள் குலுங்காமல் போகும்.

"எங்க மாமா போட்ட ரோட்டுல கோலிகுண்டை வெச்சா, எந்தப் பக்கம் உருள்றதுன்னு தெரியாம அது முழிச்சுக்கிட்டு நிக்கும்" என்று அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, சொல்லிக்கொண்டு திரிவார். மைத்துனரும் அதே சுரங்கத்தில்தான் தண்ணீர் லாரி ஓட்டினார். தூசி கிளம்பாமல் பாதையை நனைப்பது அவருடைய தொழில். வாய் ஓயாமல் பேசுவது உபதொழில்.

ரசமட்டம் அந்தச் சுரங்கத்துக்கு வந்தபோது அங்கே சுரங்கமே இல்லை. தாழ்வான ஒரு குன்று, அதன்மேல் புதரும் புல்லும். மீசை அரும்பி முடித்திருந்த வயது. அவருக்குக் கொடுத்த முதல் வேலை, குன்றின் தோலை உரிப்பது. புதரையும் வேரையும் மேல்மண்ணையும் ஒரே வாரலாக வாரி வடக்கு ஓரத்தில் குவித்தார். அதற்குக் கீழே பாறை. பாறையை வெடி வைத்துப் பெயர்த்தால் அதற்கும் கீழே நிலக்கரி. அப்புறம் முப்பது வருஷத்துக்குப் பக்கமாகக் கரி போய்க்கொண்டே இருந்தது, குழி வளர்ந்துகொண்டே இருந்தது. அதற்குள் இவருக்குக் கல்யாணம் நடந்தது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள், இரண்டு பேரும் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். என்ஜின் இரைச்சலில் இடது காது முக்கால்வாசி போயிற்று. அன்றைக்கு அந்தக் குன்றில் என்னவெல்லாம் முளைத்திருந்தது என்று பின்னாளில் ஒருவர் கேட்டபோது இவரால் ஒரு செடியின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. மறந்துபோனதால் இல்லை. பார்க்கவே இல்லை. பிளேடுக்கு முன்னால் போனது எல்லாம் பச்சை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் கரி தீர்ந்தது. பெரிய லாரிகளை விற்றார்கள். ஆட்கள் கிடைத்த ஊருக்குக் கிடைத்த வேலைக்குப் போனார்கள். சட்டப்படி குழியை மூடி நிலத்தைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால் கம்பெனி ஒரு கைப்பிடி ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டது. அதில் ரசமட்டமும் அவருடைய மைத்துனரும் இருந்தார்கள். வேலை மிஞ்சியதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இவருக்கு மட்டும் விருந்து முடிந்த பந்தலில் இலை எடுக்க நிறுத்திவைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் செடி மேடம் வந்தார். நிலத்தைத் திரும்ப உயிர்ப்பிக்கிற படிப்பு படித்தவர், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய பூட்ஸ். தூரத்தில் வரும்போது பூட்ஸ் இரண்டும் சேர்ந்து ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி தெரியும். வந்த நாளே எல்லோரிடமும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார். மறுநாளே மைத்துனர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

குழியின் மேற்குப் பக்கத்தை முதலில் நிரப்பினார்கள். முன்னே தோண்டி வெளியே கொட்டியிருந்த கல்லும் களியும் கலந்த கழிவு மண்ணை லாரிகள் கொண்டுவந்து கொட்ட, ரசமட்டம் தள்ளிப் பரப்பினார். மேடம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த வாரம் அது. இவருக்கோ பல மாதங்களாகக் கைக்கு வேலை இல்லாத பசி. ஏறி இறங்கி, இழைத்து இழைத்து, அந்தச் சரிவை மேசைமேல் விரித்த துணி மாதிரி ஆக்கி வைத்தார். மேனேஜர் வந்து பார்த்துக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மேடம் திரும்பி வருகிற அன்று இவர் சட்டையை மாற்றிக்கொண்டு போய் நின்றார் என்று மைத்துனர் இன்றைக்கும் சொல்வார். இவர் மறுப்பதில்லை.

மேடம் சரிவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மண்டியிட்டார். தண்ணீர் லாரியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துத் தரச் சொல்லி அதைத் தரையில் மெல்லக் கவிழ்த்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை. எண்ணெய்ச் சட்டியில் விட்ட மாதிரி கொஞ்சம் தயங்கிவிட்டு, சரிவோடு வழுக்கிக்கொண்டு ஓடி மறைந்தது. அது ஓடிய இடம் ஒரு நிமிஷத்தில் காய்ந்தும் போயிற்று.

"ரொம்ப அழகா இருக்குண்ணே" என்றார் மேடம். "ஆனா இது தரை இல்ல, மூடி. இதைத் திறக்கணும்."

"திறக்கணும்னா?"

"ரிப்பரை இறக்கிக் கிழிக்கணும். குழியும் மேடுமா, தாறுமாறா. எவ்வளவு அசிங்கமா இருக்கோ அவ்வளவு நல்லது."

ரிப்பர் என்பது புல்டோசரின் பின்பக்கம் இருக்கிற இரும்புக் கொம்பு. பாறையைப் பெயர்க்க வைத்தது. அதைத் தன் கையால் இழைத்த தரையில் இறக்கச் சொல்கிறார்களே என்று ரசமட்டத்துக்கு முகம் கறுத்துவிட்டது. மேடம் விடவில்லை, பொறுமையாக விளக்கினார். பல டன் எடையுள்ள வண்டி ஏறி ஏறி இறங்கியதில் மண்ணுக்குள் இருந்த இண்டு இடுக்கெல்லாம் நசுங்கிப் போயிற்று. அந்த இடுக்கில்தான் தண்ணீரும் காற்றும் இருக்கும். வேர் அதைத் தேடித்தான் போகும். இங்கே விதை போட்டால் முதல் மழையில் விதை மழையோடு போகும், தப்பிய விதை விட்ட வேர் செங்கலில் முட்டிய மாதிரி வளைந்து சாகும். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நியாயம் என்று தெரிந்தபிறகு கோபம் குறைய வேண்டுமே, கூடியது.

வீட்டுக்கு வந்தும் அது இறங்கவில்லை. அவருடைய மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான போர்வைகளையும் விரிப்புகளையும் துவைத்து, உலர்த்தி, தேய்த்து அடுக்குகிற வேலை. புருஷன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, தம்பி மூலமாக ஏற்கெனவே தெரிந்துகொண்ட விஷயத்தைத் தெரியாத மாதிரி கேட்டார். இவர் சொல்லி முடித்ததும் அந்தம்மா சிரிக்கவில்லை.

"வேட்டியை இஸ்திரி போட்டா அழகுதாங்க" என்றார். "கம்பளியை இஸ்திரி போட்டா அப்புறம் அது குளிர் தாங்குமா? புசுபுசுன்னு இருந்தாத்தானே கம்பளி."

பிசைந்த சோறு ஒருவழியாக இவருக்கு உள்ளே போயிற்று.

மறுநாள் காலையில் புல்டோசரில் ஏறியவர், சொன்னபடி செய்கிறேன் பார் என்கிற ஆங்காரத்தில் ரிப்பரை முழு ஆழத்துக்கு இறக்கினார். கோணலாக ஓட்டினார், குறுக்கே ஓட்டினார், பாதியில் தூக்கினார், திடுமென்று இறக்கினார். பாறாங்கல் வந்தால் வந்தபடி புரட்டிப்போட்டார். பிளேடால் அங்கங்கே தோண்டிப் பக்கத்திலேயே கொட்டினார். முன்னே இழைத்த அழகு சாயங்காலத்துக்குள் பன்றி கிளறிய தோட்டம் மாதிரி ஆயிற்று. மைத்துனர் லாரியை நிறுத்திவிட்டு, "மாமா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். ரசமட்டம் இறங்கி, இப்போது மேடம் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேடம் ஒரு குழியில் இறங்கினார். மேட்டில் ஏறினார். கால் முட்டிவரை புதைந்தது. திரும்பி வந்து, "அண்ணே, இதைவிட நல்லா யாராலயும் பண்ண முடியாது" என்றார். நிஜமாகவே சொன்னார், கண்ணில் தண்ணீர் நிற்கிற அளவுக்குச் சந்தோஷம். ரசமட்டத்துக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அவமானம் நேர்ந்ததில்லை. இருந்தாலும் அந்தச் சந்தோஷம் பொய்யில்லை என்று தெரிந்ததால் அவருக்கு அதன்பிறகு அந்தப் பெண்ணோடு கோபித்துக்கொள்ள முடியாமல் போயிற்று.

வடக்கு ஓரத்துக் குவியலை எல்லோரும் மறந்திருந்தார்கள். இவர் வந்த வருஷம் வாரிக் குவித்த மேல்மண். மேலே முள்ளும் களையும் மூடி, பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரண மேடு. மேடம் அதைச் சுற்றிப் பல நாள் நடந்தார். இவ்வளவு காலம் குவியலாகக் கிடந்ததில் உள்ளே இருக்கிற மண் காற்றில்லாமல் மூச்சுமுட்டிச் செத்திருக்கும், மேலே ஒரு சாண் தோல் மட்டும் ஒருவேளை உயிரோடு இருக்கலாம் என்றார். முள்ளை வேரோடு எடுத்துவிட்டு அந்தத் தோலை மட்டும் உரித்துத் தர முடியுமா? ஆழமாகப் போனால் செத்த மண் கலந்துவிடும்.

ரசமட்டத்துக்கு உட்கார்ந்த இடத்தில் குமிழி நகர்ந்தது. இரண்டு நாள் அந்த மேட்டை உரித்தார். மேடம் முன்னால் நடந்து கையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் காட்ட, இவர் பிளேடைச் சவரக் கத்தி மாதிரி படுக்கவைத்து, வேகவைத்த கிழங்கின் தோலை உரிப்பது போல எடுத்தார். ஓரிடத்திலும் ஆழம் மாறவில்லை. வேலை முடிந்ததும் மேடம் இவருடைய டீயைத் தானே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஆனால் கிடைத்த மண் யானைப் பசிக்குச் சோளப்பொரி. சரிவின் நடுவில் ஒரு பட்டைக்கு மட்டும்தான் அதைத் தூவ முடிந்தது.

மீதிக்கு விதை வேண்டும், அதுவும் இந்த மண்ணில் ஏற்கெனவே பிறந்து வளர்ந்த செடிகளின் விதை. ரயில் பாதைக்கு அப்பால் யாரும் தொடாத ஒரு புதர்க்காடு மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிழிந்துபோய்க் கழித்த விரிப்புகளை ரசமட்டத்தின் மனைவி எழுதிக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அவற்றைப் புதருக்கு அடியில் விரித்துக் கிளையை உலுக்கினார்கள். மாதக்கணக்கில் உலுக்கினார்கள். தோல் கெட்டியான விதைகளை, தோல் இளகி முளைப்பதற்காக, கேன்டீன் அண்டாவில் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு எடுத்தபோது, சமையற்காரர் இதில் உப்பு போடணுமா என்று கேட்டார்.

எல்லாவற்றையும் கிழித்த சரிவில் விதைத்து முடித்தபிறகு மழை வந்தது. சாதாரண மழை இல்லை. பகலெல்லாம் கொட்டி, ராத்திரியெல்லாம் கொட்டி, ஓட்டுக்கூரையில் யாரோ ஜல்லியை இறக்குகிற மாதிரி ஒரு மழை. ரசமட்டம் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். தளர்ந்த மண், செங்குத்துச் சரிவு. முழுதும் வழித்துக்கொண்டு கீழே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். விடிந்து மழை விட்டதும் மைத்துனரின் லாரியில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினார்.

பார்வையாளர்களுக்குக் காட்ட வேண்டும் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டதால் ஒரு ஓரத்தில் மட்டும் பழைய வழவழப்பை விட்டுவைத்திருந்தார். அங்கே ஆள் உயரத்துக்குப் பள்ளம் அறுத்திருந்தது. உள்ளே நின்றால் தலை தெரியாது. ஆனால் கிழித்துப்போட்ட சரிவு அப்படியே இருந்தது. மேலிருந்து கீழ்வரை அவர் ஆங்காரத்தில் தோண்டிய ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் நின்றது. சின்னக் குழி, பெரிய குழி, கோணல் குழி, எத்தனை இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஒவ்வொன்றிலும் மேகம் கலைந்த வானம் ஒரு துண்டு. காற்று வீசும்போது அத்தனை துண்டும் ஒன்றாக நடுங்கின. நேரம் ஆக ஆக ஒவ்வொரு குழியும் ஓசையில்லாமல் குடித்துக்கொண்டே இருந்தது. விளிம்பு காய்வதும் தண்ணீர் உள்வாங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மலை தாகத்தோடு இருந்து இப்போதுதான் வாய் வைத்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மைத்துனர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு எல்லாம் மடமடவென்று பச்சையாகிவிட்டது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி ஆகவில்லை. முதல் வருஷம் முளைத்தது பெரும்பாலும் களை. காட்டை வளர்க்கச் சொன்னால் ரோட்டோரத்தை வளர்க்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வடக்கு முனையில் கரிச்சாம்பல் கலந்த இடத்தில் ஒரு புல்கூட வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. மேடம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வெறும் உடம்புக்கு முதலில் கிடைக்கிற சட்டை கிழிசலாகத்தான் இருக்கும், அப்புறம் நல்ல சட்டை வரும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். இனி எந்த வண்டியும் சரிவுக்குள் போகக் கூடாது.

அப்படியானால் புல்டோசர் ஓட்டுகிறவருக்கு என்ன வேலை? ஆடு மாடு நுழையாமல் சுற்றிப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார்கள். "கடைசியில எங்க மாமாவை மேய்க்கிற வேலைக்கு மாத்திட்டாங்க, அதுவும் மேய்க்க ஆடே இல்லாம" என்று மைத்துனர் கேன்டீனில் அறிவித்தார். ரசமட்டத்துக்கு வேலையைவிடக் காலைப் பற்றித்தான் கவலை. அவ்வளவு காலமும் அவர் அந்த நிலத்தை ஆள் உயரத்துக்கு மேலே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தவர். அதன்மேல் நடந்ததே கிடையாது. இப்போது குழியில் இறங்கி மேட்டில் ஏறி நடக்கவேண்டும். முதல் வாரம் முழங்கால் வலி. இரண்டாம் வாரம் குனிந்து பார்க்கப் பழகினார்.

பனி பெய்கிற மாதம் ஒன்றில், சூரியன் அப்போதுதான் எழும்பிய நேரம், சரிவின் உச்சியில் ஏறித் திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார். கீழே சரிவு முழுவதும் வெள்ளை. களைக்கும் களைக்கும் நடுவே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, வெறும் மண்ணாகக் கிடந்த இடத்திலும் நூல். ஆயிரமாயிரம் சிலந்தி வலைகள், அத்தனையிலும் பனி கோத்திருந்தது. வெயில் ஏற ஏற அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மின்னிக்கொண்டே போயிற்று. காலை எடுத்துவைக்க இடம் இல்லை. அந்தச் சரிவில் ஒரு வருஷத்துக்கு முன்னால் எறும்புகூடக் கிடையாது. கல்லையும் களியையும் பரப்பியவர் அவரேதான்.

மேடம் வரும்வரை அதே இடத்தில் நின்றிருந்தார். "இதெல்லாம் எங்கிருந்து நடந்து வந்துச்சு மேடம்? ரயில் பாதைக்கு இந்தாண்டை காடே இல்லையே."

"நடந்து வரல. பறந்து வந்துச்சு" என்று மேடம் மேலே காட்டினார். சிலந்திக் குஞ்சுகள் உயரமான புல் நுனியில் ஏறி, வயிற்றிலிருந்து ஒரு நூலை விட்டு, காற்று அதைத் தூக்கும்வரை காத்திருக்குமாம். தூக்கினால் மேகம் வரைக்கும் போகும். எங்கே இறங்கும் என்று அதற்கே தெரியாது. "இப்பக்கூட நம்ம தலைக்கு மேல போய்க்கிட்டுத்தான் இருக்கும். எப்பவும் போய்க்கிட்டே இருக்கு. இறங்கினா பிழைக்கலாம்னு ஒரு இடம் இருந்தா இறங்கிக்கும்."

ரசமட்டம் அண்ணாந்து பார்த்தார். வெறும் நீல வானம். அதற்குக் கீழேதான் ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவர் வாழ்ந்திருக்கிறார். அது வெறுமையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

அதற்கு அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு, பழைய மேல்மண் தூவிய பட்டையில் ஒரு செடி வந்தது. ஒன்றிரண்டு இல்லை, பட்டை நெடுகிலும். மேடம் முதலில் களை என்று நினைத்தார். பிறகு களை இல்லை என்றார். பிறகு பூக்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார். நாம் விதைத்ததில் இது இல்லை என்பது மட்டும் உறுதி என்றார். இவர் தினமும் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது, இதழில் செம்பழுப்பாக மெல்லிய கோடு. பூ முடிந்து விரல்நுனி கனத்தில் உப்பிய காய்கள். காய்ந்த ஒன்றைப் பறித்து மேடம் இவருடைய வலது காதருகே ஆட்டினார். உள்ளே விதைகள் கிலுகிலுவென்றன. குழந்தைக்கு ஆட்டுகிற கிலுகிலுப்பை மாதிரி, சன்னமாக.

"கிலுகிலுப்பைச் செடிதான். ஆனா இந்த வகையை இந்தப் பக்கம் எங்கேயும் நான் பார்த்ததில்ல. ரயில் பாதைக்கு அந்தாண்டை காட்டுலயும் இல்ல."

"அப்ப யார் போட்டது?"

"யாரும் போடல. நீங்க குவிச்ச மண்ணுக்குள்ளயே இருந்திருக்கு. தோல் கெட்டியான விதை. நீங்க உரிச்சப்போ கல்லுல உரசித் தோல் கீறியிருக்கும், தண்ணி உள்ள போயிருக்கும்."

"இத்தனை வருஷமாவா?"

"இத்தனை வருஷமா."

ரசமட்டம் காயைக் கையில் வாங்கிக்கொண்டார். இவருக்குக் கல்யாணம் நடந்தபோது அது அந்த மேட்டுக்குள் இருட்டில் இருந்தது. பெரியவள் பிறந்தபோது இருந்தது. வெடிகள் வெடித்துத் தரை அதிர்ந்தபோதெல்லாம் இருந்தது. இவர் தினமும் இரண்டு வேளை அந்த மேட்டைக் கடந்து போய் வந்திருக்கிறார். செத்தது என்று நினைப்பதற்குக்கூட அதை அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பொருளுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது? ஒரு காயை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி கதவைத் திறந்ததும் அதை ஆட்டிக் காட்டினார். அந்தம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

ஐந்தாம் வருஷம் மேடம் ஒரு சின்னக் கரண்டியால் சரிவில் ஓரிடத்தை வெட்டி, கேக் துண்டு மாதிரி மண்ணை எடுத்துக் காட்டினார். கீழே ரசமட்டம் பரப்பிய அதே சாம்பல் நிறக் கழிவு மண். அதற்குமேல், புல்லின் வேர்கள் கோத்துப் பிடித்திருந்த இடத்தில், கறுப்பாக ஒரு கோடு. தடித்த காகித அட்டையின் கனம் இருக்கும். அதற்குள் ஒரு மண்புழுக் குஞ்சு நூல் மாதிரி நெளிந்தது. ரசமட்டம் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். புதுமழை வாசனை, ஆனால் மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன.

"இது எப்ப வந்துச்சு?"

"வந்துக்கிட்டு இருக்கு. உங்க கண்ணு முன்னாடியே ஆகிக்கிட்டு இருக்கு."

அந்தக் குன்றின் மேல் முதலில் இருந்த மேல்மண் ஆவதற்கு எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று கேட்டார். நூறு வருஷத்துக்கு ஒரு விரல் கனம் என்று வைத்துக்கொள்ளலாம், சில இடத்தில் அதுகூட இல்லை என்றார் மேடம். அவர் அதை வாரிய ஆழம் அவருக்குத் தெரியும். முழங்கைக்கு மேலே. ஒரு கோடைகாலத்தில் வாரி முடித்த வேலை. குற்ற உணர்ச்சி என்று அவருக்கு எதுவும் வரவில்லை. சுரங்கம் அவருக்கும் ஊருக்கும் சோறு போட்டது, அதை அவர் எங்கேயும் மறுத்துப் பேசியதில்லை. வந்தது வேறு. தன் இரண்டு பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போய், அவர்களுக்கும் பின்னால் பெயர் தெரியாத யாரோ நடக்கும்போது ஒரு விரல் கனம் ஆகியிருக்கும் ஒன்று, இப்போதுதான் தன் உள்ளங்கையில் தொடங்கியிருக்கிறது. அதைக் கீழே வைக்கக் கை வரவில்லை. பிறகு எடுத்த இடத்திலேயே பத்திரமாகப் பொருத்தி, புல்லை மேலே தடவிவிட்டார்.

புல்டோசரைக் கம்பெனி போன வருஷம் விற்றுவிட்டது. இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிற கிழக்குச் சரிவுக்கு வாடகை வண்டி வருகிறது. ஓட்டுவது இவரேதான். குழியின் அடியில் தண்ணீர் தேங்கி ஏரி மாதிரி ஆகியிருக்கிறது, அதில் என்ன விடுவது என்று மேடமும் மேனேஜரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலை பாதிகூட ஆகவில்லை.

இவ்வளவு நடந்தும் மனைவி அந்த இடத்துக்குள் வந்து பார்த்ததில்லை. சலவைக்கூடத்தில் விடுமுறை என்பது அபூர்வம். சமீபத்தில் ஒரு மத்தியானம் கிடைத்தது. மைத்துனர் லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு அங்கேயே காத்திருந்தார். அந்தம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் ஏறினார். புல் இடுப்பைத் தொட்டது. இவர் அது இது என்று காட்டிக்கொண்டே போனார். அந்தம்மா பார்த்துக்கொண்டே வந்தார். பாதி ஏற்றத்தில், ஆளைவிடச் சற்றே உயரமான ஓர் இளமரத்தின் கவட்டில் ஏதோ தெரிய, அந்தம்மா கிளையை விலக்காமல் எட்டிப் பார்த்தார்.

ஒரு கூடு. எலுமிச்சம்பழம் கொள்ளுகிற அளவு. புல்லும் நாரும் சிலந்தி நூலும் வைத்துப் பின்னியது. உள்ளே புள்ளி போட்ட மூன்று முட்டைகள். மேல் உதட்டில் வியர்வையோடு அந்தம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரசமட்டமும் குனிந்து பார்த்தார். அவருக்கும் இது தெரியாது. தினமும் வருகிறவர், நேற்றுக்கூட அந்த வழியாகப் போனவர்.

"வாங்க" என்று அந்தம்மா உதட்டை மட்டும் அசைத்தார். "அது வந்துடும். நாம நின்னா பயந்துக்கும்."

இருவரும் வந்த தடத்திலேயே திரும்பினார்கள். வாசலில் லாரியில் சாய்ந்திருந்த தம்பி, கேன்டீனில் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்கிற ஆவலோடு, என்னக்கா, மாமா அப்படி என்னத்தைத்தான் காட்டினார் என்று கேட்டார். அந்தம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே புருஷனை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்ணுமில்லடா" என்றார். "மேல காத்து நல்லா இருந்துச்சு."